திருகோணமலைக் கடலும் சுறாக்களின் வாழிடமும்

பட்டினப்பாலை காட்டும் பரதவர் கருவுற்ற சுறாவின் கோட்டினை நட்டுத் தெய்வமாக வணங்கினர். பண்டைத் தமிழர் சமயம் பற்றி ஆராய்வோர் நன்கறிந்த செய்தி இது. ஆயின், சுறாவுக்குக் கோடு ஏது? இருமருங்கும் பற்கள் நிரைத்த, வாள்போன்ற நீண்ட மூக்கு வேளாமீனுக்கே உரியது. விலங்கியல் நோக்கில் வேளா திருக்கை இனத்தைச் சார்ந்தது. மீன்பிடிப்போர் வழக்கிலோ அதுவும் சுறாவே. எனவே பரதவர் நட்டது வேளாவின் கோடு எனக் கொள்வதே பொருத்தமாகும். வேளா வாழ்வது சேறும் மணலும் கலந்த ஆழமற்ற கரைநீரில். அவ்வாறாயின் அம்மக்களது தொழிற்களத்தின் ஒரு பகுதியேனும் கழிமுகமாயிருந்தது என்பதும் உடன் பெறப்படும். மீனின் வாழிடம் அதனைப் பிடிப்போரின் உழைப்பையும் கருவியையும் நமக்குக் காட்டிவிடுகிறது.

இத்தொடர்பினை ஆராய்வதற்குத் திருகோணமலை மிக வாய்ப்பான இடம். மகாவலி கங்கை மூதூரருகே கொட்டியாரக் குடாவிற் கலக்கிறது. நிலாவெளிக்கு எதிரே, புறாத்தீவைச் சூழ முருகைக்கற்பாறைகள் உள்ளன. துறைமுக வாயிலை அடுத்தோ, கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று ஆயிரம் மீற்றருக்கும் கீழே இறங்கிச் செல்கிறது. கலங்கிய நீர், பாறைநீர், ஆழ்நீர் ஆகிய மூன்றும் இத்துணை அண்மையில் அமைவது அரிது.

பால்சுறா கரைநீருக்குரியது. பிள்ளைபெற்ற தாய்க்குப் பால் சுரக்குமென நம் பெண்கள் வறையாக்கிக் கொடுப்பது இதனையே. கொம்பன் சுறாவின் குட்டிகளும் ஆழமற்ற குடாநீரில் வளர்ந்து பின்னரே வெளிக்கடலை நாடுகின்றன. பொதுவாகச் சுறாக்கள் தம் உடலில் யூரியாவைத் தேக்கிக் கடலின் உவர்ப்புக்கு ஈடுகொடுப்பன. ஆதலின் நன்னீர் அவற்றுக்கு ஒவ்வாது. மிகுநீரை வெளியேற்றவும் உப்பைக் காத்துக்கொள்ளவும் வல்ல காளைச்சுறாவோ ஆறுகளிலும் ஏறுகிறது. துடுப்பு நுனி கறுத்த பாறைச்சுறா புறாத்தீவில், முதுகுத்துடுப்பு வெளித்தெரியுமளவு ஆழமற்ற நீரிலும் உலவக் காணலாம். சுமார் ஒன்றரை மீற்றர் நீளமே உடைய அது, தன் பாறையை விட்டு அதிகம் விலகுவதில்லை. ஏறத்தாழ உடலளவுக்கு வால் நீண்ட கசைவாற் சுறாக்கள் ஆழ்கடலுக்குரியவை. அவ்வாலால் அடித்துச் சிறுமீன்களை மயக்கி உண்பவை. அவற்றுட் சில இனங்கள் ஓர் ஈற்றில் இரண்டு குட்டிகளே ஈனுகின்றன.

இந்நீர்களைப் போலவே மீனவரும் ஒருபடித்தானவர் அல்லர். கரைவலை இழுப்போனும் சிறுதோணிக்காரனும் சந்திக்கும் சுறா வேறு. சூரைமீன் தேடிச் செல்லும் பலநாட் கலத்தின் வலையில் வீழும் சுறா வேறு. பின்னையதன் செட்டை ஏற்றுமதியாகிறது. இறைச்சி கருவாடாகி உள்ளூரில் நிற்கிறது. செட்டையின் விலை எவரிடம் தங்குகிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1950களின் பிற்பகுதியிலிருந்து இயந்திரப் படகுகளும் நைலோன் வலைகளும் பரவின. பல்நிரைத்த கோடு எவ்வலையிலும் எளிதிற் சிக்கும். வேளாவைக் காத்த கோடே அதற்குக் கேடாயிற்று. இலங்கைக் கடலில் வேளா ஏறக்குறைய அற்றுப்போயிற்று என்பதே அண்மைக்கால ஆய்வுகளின் கணிப்பு.

அரசு வாளாவிருந்தது எனக் கூறவியலாது. புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாயிற்று. கசைவாற் சுறாக்களைப் பிடிப்பது 2012இல் தடைசெய்யப்பட்டது. 2015இல் வெண்முனைக் கடற்சுறாவும் புள்ளிகள் நிறைந்த திமிங்கிலச் சுறாவும் அத்தடையுட் சேர்க்கப்பட்டன. இவை வரவேற்கத்தக்கவையே. எனினும் இவற்றுள் முன்னையது பாறையையும் பின்னையவை பெரும்பாலும் வெளிக்கடலையும் நோக்கியவை. வேளா மறைந்ததும் சுறாக்குட்டிகள் வளர்வதுமான கழிமுகத்தை வாழிடமென முன்வைத்து இவற்றுள் எதுவும் எழவில்லை. அந்நீரின் இயல்போ கடலில் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று. மலைநாட்டில் 1985இல் விக்டோரியா, கொத்மலை அணைகள் திறக்கப்பட்ட பின்னர், கொட்டியாரக் குடாவை அடையும் நன்னீரும் வண்டலும் மின்சாரத்தினதும் நெல்வயலினதும் தேவைக்கேற்ப அளக்கப்படுபவையாயின. அவ்வளவையில் மூதூர்த் தோணிக்காரனின் வலை கணக்கில் எடுக்கப்பட்டதில்லை.