ஒரு ரயிலுக்கு எத்தனை எஞ்சின்?

சில மாதங்களுக்கு முன் என் பேரனை அழைத்துக்கொண்டு பையப்பனஹள்ளி சர் எம்.விஸ்வேஸ்வரய்யா முனையத்துக்குப் போயிருந்தேன். மேற்கு வங்காளத்து மால்டா நகருக்குப் புறப்படும் அம்ருத் பாரத் ரயில் நின்றிருந்தது. முன்னால் ஓர் எஞ்சின், 22 பெட்டிகளுக்கும் பின்னால் இன்னோர் எஞ்சின்.

"ரொம்ப தூரம் போறதாலயா தாத்தா ரெண்டு எஞ்சின்?" என்று கேட்டான்.

டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை டீசல் எஞ்சின்களோடு காலம் தள்ளியவன் நான். பெரியவர்களே என்னிடம் பலமுறை கேட்ட கேள்விதான் இது.

தூரத்துக்கும் எஞ்சின் எண்ணிக்கைக்கும் சம்பந்தமில்லை. தூரம் கூடினால் ஓட்டுநர்கள் மாறுவார்கள், அவ்வளவுதான். எத்தனை எஞ்சின் என்பதை முடிவு செய்பவை மூன்று: ரயிலின் எடை, பாதையின் ஏற்றம், எவ்வளவு சீக்கிரம் வேகம் பிடிக்க வேண்டும் என்பது.

முதலில் எடை. நம்மில் பலர் தில்லிக்குப் போன தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், கே.கே. எக்ஸ்பிரஸ் இரண்டிலும் ஒரு காலத்தில் இரட்டை டீசல் எஞ்சின் பூட்டியிருந்தது நினைவிருக்கும். அன்றைய டபிள்யூ.டி.எம்.2 எஞ்சினின் திறன் 2600 குதிரைத் திறன். இருபதுக்கு மேற்பட்ட பெட்டிகளை வேகமாக இழுக்க அது ஒன்று போதாது. இன்றைய டபிள்யூ.ஏ.பி.7 மின்சார எஞ்சினின் திறன் 6000 குதிரைத் திறனுக்கும் மேல். சமவெளியில் அது ஒன்றே போதும்.

அடுத்தது ஏற்றம். நம் குடும்பங்கள் குக்கே சுப்ரமண்யா கோயிலுக்குப் போகும் சகலேஷ்பூர் – சுப்ரமண்யா ரோடு மலைப்பாதையில் ஏற்றம் 50க்கு 1. அதாவது 50 அடி நகர்ந்தால் 1 அடி உயர வேண்டும். ஆயிரம் டன் ரயிலைச் சமதளத்தில் மெதுவாக உருட்டச் சில டன் இழுவிசை போதும். இந்த ஏற்றத்திலோ அதற்கு மேல் இன்னும் 20 டன் வேண்டும். மும்பை – புனே வழியில் கர்ஜத், லோனாவாலா இடையே ஏற்றம் 37க்கு 1. அங்கே 27 டன்.

இவ்வளவையும் முன்னாலிருந்தே இழுத்தால் முதல் பெட்டியின் இணைப்புக் கொக்கிமேல் முழுப் பாரமும் விழும். அதனால்தான் மலையடிவாரத்தில் பின்னால் எஞ்சின் சேர்க்கிறார்கள். ரயில்வே பாஷையில் அதற்கு 'பாங்கர்' என்று பெயர். பாரத்தை அது பங்கு போட்டுக்கொள்ளும். நடுவில் கொக்கி அறுந்தாலும் பின்பாதி உருண்டோடாமல் தாங்கும்.

திறன் மட்டும் இருந்தாலும் போதாது. சக்கரம் தண்டவாளத்தைப் பிடிக்க வேண்டும். மழையில் வழுக்கினால் சக்கரத்தின் முன் மணல் தூவுவதற்கு எஞ்சினில் மணல் பெட்டி உண்டு. பணியில் சேர்ந்த புதிதில் ஒரு மழைக்காலத்தில் அதைத் திறந்து பாராமலே 'சரி' என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். மணல் ஈரமாகிக் குழாயில் கட்டிப்போயிருந்தது. அன்றிரவு ஓர் ஏற்றத்தில் சக்கரம் வழுக்கி, பயணிகள் ரயில் நடுக்காட்டில் நின்றுவிட்டது. வேறு எஞ்சின் வந்து தள்ள இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கைக்குழந்தையோடு எத்தனை பேர் அந்த இருட்டில் தவித்தார்களோ என்று எனக்குத் தூக்கமில்லை. அதன்பின் கையால் மணலைத் தொட்டுப் பாராமல் நான் கையெழுத்துப் போட்டதே கிடையாது.

பேரன் கேட்ட ரயிலுக்கு வருவோம். 2023 டிசம்பர் 30 அன்று தொடங்கிய அம்ருத் பாரத் ரயிலுக்கு இரண்டு எஞ்சின் வைத்ததற்குக் காரணம் மூன்றாவது: வேகம் பிடிப்பது. ஒன்று இழுக்க, ஒன்று தள்ள, ஒவ்வொரு நிறுத்தத்துக்குப் பிறகும் ரயில் விரைவில் வேகம் எடுக்கும். முன்னால் இருக்கும் ஓட்டுநரே இரண்டையும் இயக்குகிறார். கடைசி நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி மறுபக்கம் மாட்டும் வேலையும் மிச்சம். நம் பெரம்பூர் தொழிற்சாலையில் உருவான வந்தே பாரத்தில் தனி எஞ்சினே இல்லை. பாதிப் பெட்டிகளின் அடியில் மோட்டார்கள் உள்ளன.

ஆகவே அன்பர்களே, அடுத்த முறை மலையடிவாரத்தில் ரயில் கால் மணி நேரம் நின்றால் சலித்துக்கொள்ளாதீர்கள். பின்னால் எஞ்சின் மாட்டுகிறார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மழை நாளானால், மணல் பெட்டியைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட ஒருவனையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.