அம்மனை யாராவது ஏவ முடியுமா?
(தொலைக்காட்சி சமய அரங்கில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



சிரம்பானிலிருந்து ஒரு தாயார் கேட்ட கேள்வியோடு தொடங்குகிறேன். "ஐயா, நான் லாபு பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். மாரியம்மன் திருவிழாவில் தீச்சட்டி எடுத்தவள். என் மகனுக்கு எந்த வேலையும் நிலைக்கவில்லை. யாரோ காளியை ஏவிவிட்டிருக்கிறார்கள், ரகசியச் சக்கர பூசை செய்தால்தான் விலகும், மூவாயிரம் வெள்ளி ஆகும் என்கிறார் ஒருவர். தாலிக்கொடியை அடகு வைக்கலாமா? நம் சைவம் இதை ஒப்புக்கொள்கிறதா?"

அம்மா, முதலில் நகையைப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

சக்கர வழிபாடு தவறா?

தவறில்லை. இதைக் கேட்டுச் சிலர் வியப்படையலாம். பத்தாம் திருமுறையாகிய திருமந்திரத்தில் ஒன்பது தந்திரங்கள் உள்ளன. அவற்றில் நான்காம் தந்திரத்தைப் புரட்டிப் பாருங்கள். திரிபுரை, வயிரவி, புவனாபதி, நவாக்கரி என்று அம்பிகையின் மந்திரங்களும் சக்கரங்களும் அங்கே விரிவாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. ஆகவே சக்தி வழிபாடு சைவத்துக்கு அந்நியம் அல்ல.

ஆனால் அதே திருமூலர் முதல் தந்திரத்தில் கள்ளுண்ணாமை என்று ஒரு பகுதி பாடியிருக்கிறார். வாம மார்க்கத்தாரை அங்கே பெயர் சொல்லியே கண்டிக்கிறார். மது, மாமிசம், மீன், முத்திரை, ஆண் பெண் சேர்க்கை ஆகிய ஐந்தையும் பூசைப் பொருளாகக் கொள்வது வாமம். சக்தியைத் தேடிக் கள் குடிக்கிறவன் தன்னையே மறக்கிறான், தன்னை மறந்தவனிடம் சக்தி எங்கே இருக்கும் என்பது திருமூலர் கருத்து. சிவஞானத்தில் தலைப்படுவதே உண்மையான சக்தி என்கிறார்.

இது நம் தோட்ட மக்களுக்குச் சொன்னது போலவே இருக்கிறது. சம்பள நாளில் கள்ளுக்கடை எத்தனை வீட்டு அடுப்பை அணைத்தது என்று நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று.

சித்தாந்த ஆசிரியர்கள் சமயங்களைப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என நான்காக வகுத்தார்கள். வாமத்தை அகப்புறத்தில் வைத்தார்கள். அதாவது, முற்றிலும் வெளியே தள்ளவுமில்லை, வீட்டுக்குள் அழைத்து உட்கார வைக்கவுமில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தோட்டத்து முனியாண்டிக்கும் காளிக்கும் நம் தாத்தாக்கள் கள்ளும் சுருட்டும் படைத்தார்கள், கிடா வெட்டினார்கள். அது வாமம் அல்ல. எல்லார் கண் முன்னும் நடந்த காவல் தெய்வ வழிபாடு அது. ஆகம வழி நிற்கும் ஆலயங்கள் உயிர்ப்பலியைத் தவிர்த்து எலுமிச்சையும் பூசணியும் வெட்டுகின்றன. அந்த மாற்றம் நல்லது. அதற்காக நம் முன்னோரின் பக்தியைக் கேவலமாகப் பேச வேண்டியதில்லை.

சக்தி என்பவள் யார்?

இனி, ஏவல் என்ற பேச்சுக்கு வருவோம். சிவமும் சக்தியும் நெருப்பும் சூடும் போல, கதிரவனும் ஒளியும் போலப் பிரிக்க முடியாதவை என்கிறது சைவ சித்தாந்தம். சக்தி என்றால் சிவனுடைய அருள். அந்த அருளை மூவாயிரம் வெள்ளி வாங்கிக்கொண்டு ஒருவர் உங்கள் வீட்டுக்கு எதிராக அனுப்ப முடியுமா? முடியும் என்றால், ஏவுகிறவர் அல்லவா அம்மனுக்கு மேலே போய்விடுகிறார்!

துன்பம் வருவது உண்மைதான். அது நம் வினையின் பயன் என்கிறது சித்தாந்தம். அந்த வினையை அனுபவிக்கச் செய்து உயிரைப் பக்குவப்படுத்துவதும் அவள்தான். அந்த நிலையில் அவளுக்குத் திரோதான சக்தி என்று பெயர். மறைந்து நின்றாலும் அவள் தாய்தான்.

சீகாழியில் உமையம்மையின் ஞானப்பாலை உண்டவர் திருஞானசம்பந்தர். அவர் திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குப் புறப்பட்டபோது, நாளும் கோளும் சரியில்லை என்று அப்பர் தடுத்தார். அப்போது சம்பந்தர் பாடியதுதான் கோளறு பதிகம். அன்னையின் பாலைக் குடித்த பிள்ளை, அடியவருக்குக் கோள்கள் எல்லாம் நல்லவையே என்றது. அம்மனைக் கும்பிடுகிறவர்களுக்கு முதலில் போக வேண்டியது பயம்.

ரகசியம் எதற்காக?

மந்திரத்துக்கு ரகசியம் உண்டு. அது குருவிடம் தீட்சை பெற்று, ஒழுக்கத்தோடு பயில வேண்டியது. சமயம், விசேடம், நிர்வாணம் எனச் சைவத்தில் தீட்சைகள் படிப்படியாக உள்ளன. மாணவன் பக்குவமாக வேண்டும் என்பதற்காக வந்த மறைவு அது. விலை ஏற்றுவதற்காக மறைப்பது வேறு.

திருக்கடையூர் அபிராமி பட்டரை எண்ணிப் பாருங்கள். முதலாம் சரபோஜி மன்னர் காலத்தவர். அவரது பக்தியைப் புரியாதவர்கள் அவரைப் பித்தர் என்றார்கள் என்று சொல்வது மரபு. அவர் பாடிய அந்தாதியில் சக்கரத்தின் ஒன்பது கோணங்களும் வருகின்றன. ஆனாலும் அதைப் பாட யாரும் காசு கட்ட வேண்டியதில்லை. இன்று நம் வீடுகளில் பெண்கள் வெள்ளிக்கிழமை விளக்கேற்றி அதைத்தான் ஓதுகிறார்கள்.

ஆகவே அம்மா, யாராவது ரகசிய பூசை என்று வந்தால் மூன்றை மட்டும் கவனியுங்கள். பயமுறுத்துகிறாரா? பணத்தை முன்கூட்டியே கேட்கிறாரா? வீட்டாரிடம் சொல்லாதே என்கிறாரா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் வாசலிலேயே வணக்கம் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து, வேலையிடத்தில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். தூக்கமில்லை, மனம் சரியில்லை என்றால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அந்தப் பணம் அவர் ஒரு தொழில் கற்க உதவட்டும். நீங்கள் தீச்சட்டி ஏந்தியபோது உங்கள் கையைக் காத்தவள், யார் சொல்லியும் உங்கள் பிள்ளைமேல் பாயமாட்டாள்.