கிருமியின் தற்காப்பு

காயத்தைக் கழுவுவதற்கென்று மருந்துக்கடையில் வாங்குகிறோமே, அந்த ஹைட்ரஜன் பெராக்சைடு, பிராணவாயுவின் உதவியால் ஜீவிக்கும் பாக்டீரியங்களின் உடலுக்குள்ளேயே அற்ப அளவில் ஓயாமல் உற்பத்தியாகிக்கொண்டிருக்கிறது என்பதைப் பலர் அறியார்.

சால்மோனெல்லா என்னும் கிருமியை ஆராய்ந்துவந்த அமெரிக்க விஞ்ஞானி புரூஸ் ஏம்ஸும் அவருடைய சகாக்களும், இந்தத் திரவத்தைச் சிறிதளவு முன்னதாகக் கொடுத்துப் பழக்கிய கிருமிகள், பழகாதவற்றை மாய்த்துவிடக்கூடிய பெரிய அளவையும் தாங்கிப் பிழைக்கின்றன என்றும், அவ்வேளையில் அவை சுமார் 30 புரதங்களை மிகுதியாகத் தயாரித்துக்கொள்கின்றன என்றும், அவற்றுள் 9 புரதங்கள் ஆக்ஸி-ஆர் என்ற ஒரே ஜீனின் ஆணைக்கு உட்பட்டவை என்றும் 1985-இல் வெளியிட்டனர்.

அந்த ஜீன் அளிக்கும் புரதத்தில் கந்தகம் தாங்கிய இரண்டு ஸ்தானங்கள் உண்டு; பெராக்சைடு தீண்டிய மாத்திரத்தில் அவ்விரண்டும் ஒன்றோடொன்று பிணைந்து புரதத்தின் உருவத்தையே மாற்றிவிட, அது டி.என்.ஏ. இழையைப் பற்றும் விதமும் மாறி, நஞ்சை நீராகவும் பிராணவாயுவாகவும் பிரித்துவிடும் காட்டலேஸ் முதலிய நொதிகளின் ஜீன்கள் விழித்தெழுகின்றன. அபாயத்தை உணரும் காவற்காரனும் ஆணை பிறப்பிக்கும் அதிகாரியும் ஒருவரே என்ற இந்தச் சிக்கனம், நம்முடைய காரியாலயங்களில் காணக் கிடைக்காதது!

அபாயம் நீங்கியபின் அந்தப் பிணைப்பை அவிழ்த்துவிடுவது குளூட்டாரெடாக்சின் என்னும் வேறொரு புரதம். அதைப் பெருக்கும்படி முன்பே உத்தரவிட்டு வைத்ததும் சாக்ஷாத் ஆக்ஸி-ஆர்தான்.