ரப்பர் நிரையும் கணினித் தூரிகையும்

கோலகங்சார் நகரில், மாவட்ட அலுவலகத்தின் அருகே, முதுமையடைந்த ரப்பர் மரம் ஒன்று நிற்கின்றது. 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்து கொணர்ந்து நடப்பட்ட ஒன்பது கன்றுகளுள் எஞ்சிய ஒன்று என அது போற்றப்படுகின்றது. அந்த மரம் எஞ்சியிருக்க, ரப்பர் நிறைந்திருந்த பேராக் மாநிலத் தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனையோ புதிய வீடமைப்பு மனைகளோ காணப்படுகின்றன. லயத்து வீடுகள், பெரட்டுக் களம், பால் நிறுக்கும் கொட்டகை, மாரியம்மன் கோயில் ஆகியவை எவ்விடத்தில் எவ்வாறு இருந்தன என்பது அங்கு வாழ்ந்தோரின் நினைவில் மட்டுமே உள்ளது. அக்காலத்தில் புகைப்படக் கருவி வைத்திருந்த தோட்டக் குடும்பங்கள் மிகச் சிலவே. ஆகவே, நினைவிலிருந்து வரைவதே எஞ்சியுள்ள வழியாகும்.

இவ்வழி நம் மாநிலத்திற்குப் புதியதன்று. கோப்பெங் வட்டாரத்தில் 1951ஆம் ஆண்டில் பிறந்த லாட் அவர்கள், தாம் வளர்ந்த கம்பத்தைப் பேனாவும் மையும் கொண்டு வரைந்து, 1979ஆம் ஆண்டில் 'கம்போங் பாய்' என்னும் நூலாக வெளியிட்டார். அந்நூலால் பேராக் கம்பத்து வாழ்வை உலகம் அறிந்தது. தோட்டத்து வாழ்வுக்கும் அத்தகைய படங்கள் வேண்டாமா? ஆனால் தாளும் வண்ணமும் தூரிகையும் விலை கூடியவை. பிழையாகத் தீட்டிய படத்தைத் திருத்துவதும் எளிதன்று. இவ்விரு தடைகளையும் கணினி ஓவிய மென்பொருள்கள் பெருமளவு நீக்கியுள்ளன. அவற்றில் அண்மைக் காலத்தில் சேர்ந்துள்ள வசதிகளை அறிந்துகொள்வது பயன் தரும்.

முதலில் செலவைப் பார்ப்போம். புகழ்பெற்ற 'போட்டோஷாப்' மென்பொருளின் புதிய பதிப்புகளை ஒருமுறை விலை கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் முறை 2013ஆம் ஆண்டு முதல் நின்றுவிட்டது. அதன்பின் அது சந்தா முறைக்கு மாறியது. திங்கள்தோறும் கட்டும் தொகை, ஊதியத்தை எண்ணிச் செலவிடும் குடும்பத்திற்குச் சுமையே. இதற்கு மாற்றாக விளங்குவது 'கிரிட்டா'. 1999ஆம் ஆண்டில் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்டு, 2009ஆம் ஆண்டு முதல் ஓவியர்களுக்கென்றே வளர்க்கப்பட்டுவரும் இம்மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பெற்றுப் பயன்படுத்தலாம். 'கிரிட்டா' என்பது சுவீடன் நாட்டு மொழியில் சுண்ணக்கட்டியைக் குறிக்கும் சொல்லாம். இது மேசைக் கணினியிலும் மடிக்கணினியிலும் ஆண்டிராய்டு பலகைக் கணினியிலும் இயங்கும். கைப்பேசி மட்டுமே வைத்திருப்போர், விளம்பரங்களுடன் இலவசமாகக் கிடைக்கும் 'ஐபிஸ் பெயிண்ட்' போன்றவற்றைக் கொண்டு பழகலாம்.

பால்மரம் சீவுவோருக்கு உளியின் அழுத்தம் பற்றி எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் பட்டையைச் சீவ வேண்டும். அழுத்தம் மிகுந்தால் மரத்தில் காயம் விழும். குறைந்தால் பால் சுரவாது. ஓவியரின் கையும் இத்தகையதே. முற்காலத்தில் கணினியின் சுட்டியைப் பிடித்து வரைந்தபோது, மென்மையாகத் தொட்டாலும் வன்மையாக அழுத்தினாலும் கோடு ஒரே கனத்தில்தான் விழுந்தது. இன்றைய வரைபலகையும் அதற்குரிய பேனாவும் அழுத்தத்தை உணர்கின்றன. 8,192 படிநிலைகள் வரை வேறுபாடு அறியும் பேனாக்கள் உள்ளன. அழுத்தினால் கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும். தொடக்கநிலையினர் இத்தனை படிநிலைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. மலிவான பலகையே போதும் என்பது எமது கருத்து.

கை நடுங்கும் முதியோருக்கு உதவும் வசதி, கோட்டை நிலைப்படுத்தும் கருவியாகும். கயிற்றில் கட்டிய பொருளை இழுத்துச் செல்வதுபோல், கையின் அசைவுக்குச் சற்றுப் பின்னே கோடு தொடர்ந்து வரும். இடையிலுள்ள சிறு நடுக்கங்கள் களையப்படுவதால் கோடு சீராக அமையும். ஆனால் இதனை அளவுக்கு மீறிக் கூட்டினால் கோடு மிகவும் பின்தங்கி, வரைவோருக்குச் சலிப்பை உண்டாக்கும்.

ரப்பர்த் தோட்டத்தை வரைய முற்படுவோர் முதலில் இடறும் இடம் நிரையேயாகும். ஒழுங்காக நடப்பட்ட மரங்கள், தொலைவு செல்லச் செல்ல ஒன்றையொன்று நெருங்கிச் சிறுத்து, கடைசியில் ஒரே புள்ளியில் மறைவது போலத் தோன்றும். விடியற்காலையில் நிரையின் தலைப்பில் நின்றவர்களுக்கு இக்காட்சி நன்கு பழக்கமானது. எனினும் தாளில் வரையும்போது அது கோணலாகிவிடும். கிரிட்டாவில் உள்ள மறைபுள்ளித் துணைக்கருவியைத் திரையில் ஓரிடத்தில் நட்டுவிட்டால், நாம் இழுக்கும் கோடுகள் அப்புள்ளியை நோக்கியே செல்லும். மரங்களின் அடிகளை ஒரு கோட்டிலும் மங்குகள் தொங்கும் உயரத்தை மற்றொரு கோட்டிலும் அமைத்துக்கொண்டால் நிரை தானே உருவாகிவிடும். லயத்தின் நீண்ட கூரைக்கும் இதே முறை பொருந்தும்.

அடுக்கு முறை பற்றியும் கூற வேண்டும். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வரைவதற்கு ஒப்பானது இது. வானம் ஓர் அடுக்கிலும் மரங்கள் ஓர் அடுக்கிலும் மனிதர்கள் ஓர் அடுக்கிலும் இருக்கும். "கோயில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அல்லவா இருந்தது?" என்று பாட்டி திருத்தினால், கோயில் உள்ள அடுக்கை மட்டும் நகர்த்தினால் போதும். நினைவிலிருந்து வரையும் படத்திற்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. 2021ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்த 5.0 பதிப்பில், வரையும் செயலைத் தானே பதிவுசெய்து காணொளியாகத் தரும் வசதியும் சேர்க்கப்பட்டது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இதனைப் பாடத்திற்குப் பயன்படுத்தலாம்.

இனித் தமிழ் எழுத்தைப் பற்றிப் பார்ப்போம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருவிழாப் பதாகையில் 'கோயில்' என்னும் சொல் சிதைந்து, கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்ததைக் கண்டு வருந்தினோம். பதாகையை வரைந்தவருக்குத் தமிழ் தெரியாமல் இல்லை. குறை மென்பொருளில் இருந்தது. 'கோ' என்பதைக் கணினி, ககரம், ஓகாரக் குறி என இரண்டு எண்களாகவே சேமிக்கின்றது. அக்குறியைப் பிரித்துக் ககரத்தின் இரு புறமும் வைப்பது மென்பொருளின் கடமை. ஆங்கில எழுத்தை மட்டும் கருதி அமைக்கப்பட்ட மென்பொருள்கள் இதனைச் செய்யத் தவறின. அதனாலேயே நம்மவர் பலர் பழைய எழுத்துரு முறைகளையே நம்பியிருந்தனர். கிரிட்டாவின் எழுத்தமைப்புப் பகுதி, 2023ஆம் ஆண்டு அக்டோபரில் வந்த 5.2 பதிப்பில் முற்றிலும் புதிதாக எழுதப்பட்டது. போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளைப் பயன்படுத்துவோர், தென்னாசிய மொழிகளுக்கும் உரிய எழுத்தமைப்பு முறை தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளதா என அமைப்புப் பகுதியில் சரிபார்த்தல் வேண்டும். எதுவாயினும், அச்சுக்கு அனுப்புமுன் ஒவ்வொரு சொல்லையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது நலம்.

பழைய கணினி உடையோர் படத்தின் அளவைக் கருத்திற்கொள்ள வேண்டும். ஏ4 தாளில் தெளிவாக அச்சிட 2480க்கு 3508 புள்ளிகள், அதாவது ஏறத்தாழ 87 லட்சம் புள்ளிகள் தேவை. முழுதும் வண்ணம் தீட்டிய ஓர் அடுக்கு, கணினியின் நினைவகத்தில் சுமார் 35 மெகாபைட் இடத்தைப் பிடிக்கும். பத்து அடுக்குகள் சேர்ந்தால் 350 மெகாபைட் ஆகிவிடும். பழகும்போது நீளத்தையும் அகலத்தையும் பாதியாக்கினால் சுமை காற்பங்காகக் குறையும். மேலும், திரையில் ஒளிரும் சிவப்பும் பச்சையும் அச்சில் சற்று மங்கியே வரும் என்பதை முன்கூட்டியே அறிந்திருத்தல் நல்லது.

நாலு சொல் தட்டினால் படத்தைத் தானே வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே என்று இளைஞர் சிலர் கேட்கக்கூடும். 2023ஆம் ஆண்டில் அத்தகைய வசதி போட்டோஷாப்பிலும் சேர்க்கப்பட்டது. 'புரோகிரியேட்' என்னும் மென்பொருளை உருவாக்கிய நிறுவனமோ, தன் மென்பொருள்களில் அதனைச் சேர்ப்பதில்லை என 2024ஆம் ஆண்டில் அறிவித்தது. அக்கருவி ஏதோ ஒரு தோட்டத்தை அழகாகவே வரைந்து தரும். ஆனால் உங்கள் லயத்தின் மூன்றாவது வீட்டு வாசலில் முருங்கை மரம் நின்றது அதற்குத் தெரியாது.

படம் முடிந்ததும் இரு வகையில் சேமித்தல் வேண்டும்: பின்னர் திருத்துவதற்காக அடுக்குகளுடன் கூடிய கோப்பு ஒன்று, பிறருக்கு அனுப்புவதற்காகச் சாதாரணப் படக் கோப்பு ஒன்று. இரண்டின் படியையும் தனியே ஒரு விரலியில் எடுத்து வைக்க வேண்டும். கோப்பின் பெயரில் தோட்டத்தின் பெயரையும், பிரிவையும், படம் காட்டும் ஆண்டையும் குறிப்பிடுக. ஆண்டு திட்டமாகத் தெரியாவிடில் அங்கிருந்த முதியோர் இருவரையாவது கேட்டு எழுதுக.