காலையில் திறக்காத கை

மாசி மகத்தையொட்டி, மலாக்கா நகரில் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து முருகன் ரதமேறி செங் சன்னாசிமலைக்கு வருவார். பின்னாலேயே காவடிகளும் பால்குடங்களும் வரும். பால்குடம் தலையில் இருந்தாலும் வேலை முழுவதும் விரல்களுக்குத்தான். இரு கைகளையும் உயர்த்தி, குடத்தின் கழுத்தை விடாமல் பற்றியிருக்க வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டு அத்தை பால்குடம் எடுப்பதை ஒரு வருஷம் நிறுத்திவிட்டார். காரணம் கேட்டால், “ரப்பர் பால் வெட்டின கை, தேஞ்சு போச்சு” என்பார். நாங்களும் நம்பினோம்.

அது தேய்மானம் இல்லை, முடக்குவாதம் என்று தெரிய இரண்டு வருஷம் ஆனது.

நம் தோட்டத்து வீடுகளில் எல்லா மூட்டு வலிக்கும் ‘வாதம்’ என்ற ஒரே பெயர்தான். ஆனால் தேய்மானமும் முடக்குவாதமும் நேர் எதிரானவை. தேய்ந்த மூட்டு வேலை செய்தால் வலிக்கும், உட்கார்ந்தால் அடங்கும். முடக்குவாதத்தில் தூங்கி எழுந்ததும் கை இறுகிக் கிடக்கும். பெரட்டு என்னும் காலை ஆள்கணக்குக்கு ஓடிய காலத்தில் நாலரை மணிக்கு வெட்டுக் கத்தியைப் பிடிக்க முடியாமல் தவித்து, ஏழு மணிக்கு மேல் கை தானாக இளகியதாகச் சொன்ன பாட்டிகளை எனக்குத் தெரியும். பெரும்பாலும் இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி வரும். மணிக்கட்டு, விரல் முட்டி, நடு மூட்டு ஆகியவை வீங்கும். நகத்துக்கு அடுத்த கடைசி மூட்டு பெரும்பாலும் தப்பிவிடும். அழுத்தினால் எலும்பு தட்டாது, பிசைந்த மாவுபோல மெத்தென்றிருக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

தோட்டத்துக்கு ஒரு ஜாகா இருப்பார். இரவில் வெளியாள் நுழைந்தால் பிடிப்பது அவர் வேலை. மானேஜரே ஒருநாள் மீசையை எடுத்துவிட்டு வந்து நிற்க, ஜாகா அடையாளம் தெரியாமல் அவரையே அடித்துப்போட்டால்? முடக்குவாதம் ஏறக்குறைய இதுதான். நம் புரதங்களில் ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலம் உண்டு. உடலிலுள்ள ஒரு நொதி அதைச் சிட்ருலினாக மாற்றும். எல்லோர் உடம்பிலும் நடப்பதுதான். சிலருடைய நோய் எதிர்ப்பு அணுக்கள் மட்டும் மாறிய அந்தப் புரதத்தை அந்நியன் என்று முடிவு கட்டி, எதிராக ஆன்டிபாடிகளைச் செய்கின்றன. மூட்டில் வலி தொடங்குவதற்குப் பல வருஷங்கள் முன்பே இவை இரத்தத்தில் சுற்ற ஆரம்பித்துவிடும். பிறகு மூட்டின் உள்சவ்வில் அணுக்கள் கூடுகின்றன. டிஎன்எஃப் போன்ற வேதிப்பொருள்களைக் கொட்டி ஒன்றையொன்று உசுப்பிவிடுகின்றன. மெல்லிய அந்தச் சவ்வு தடித்துப் புற்றுபோல் படர்ந்து குருத்தெலும்பை அரிக்கும், பிறகு எலும்பையும் அரிக்கும்.

ஜாகாவுக்கு ஏன் அடையாளம் தப்பிப்போகிறது? ஒரு பங்கு மரபணு. இன்னொரு பங்கு நுரையீரலைத் தொடர்ந்து உறுத்தும் புகையும் தூசியும். இதை மலேசியாவிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தினர், சுவீடனில் நடந்த ஓர் ஆய்வின் மாதிரியில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவரையும் சேர்த்துப் பார்த்தார்கள். எச்எல்ஏ மரபணுவின் குறிப்பிட்ட சில வடிவங்கள் மூன்று இனத்தாரிலும் ஆபத்தைக் கூட்டுவதாக 2011இல் வெளியிட்டார்கள். 2016இல் வந்த கட்டுரை இன்னும் நெருக்கமானது: வேலையிடத்தில் துணித் தூசியைச் சுவாசித்த பெண்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வேலை போன பிறகு நம் பெண்களில் எத்தனை பேர் தையல் மெஷினுக்குப் போனார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மலேசிய மக்களில் இந்தியர்களாகிய நாம் ஏறக்குறைய 7 விழுக்காடு. முடக்குவாதக் கிளினிக்குகளின் வரிசையிலோ நம் பங்கு அதைவிடப் பல மடங்கு.

நோயைக் கண்டுபிடிக்க மருத்துவர் முதலில் செய்வது, கை குலுக்குவதுபோல் விரல் முட்டிகளைச் சேர்த்து மெல்ல அழுத்துவது. அதிலேயே முகம் சுளிக்கும். பிறகு இரத்தம். நார்வேக்காரர் எரிக் வாலர் 1940இல் விவரித்த ‘ருமட்டாய்டு ஃபேக்டர்’ சோதனை இன்றும் உண்டு. ஆனால் காசநோய், தொழுநோய், கல்லீரல் அழற்சி, வெறும் முதுமை எதிலும் அது தலைகாட்டும். சிட்ருலின் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடும் ‘ஆன்டி சிசிபி’ சோதனை இன்னும் நம்பகமானது. இரண்டும் இல்லை என்று வந்தும் நோய் இருக்கலாம். சிக்குன்குனியா காய்ச்சலும் சில மாதம் இதே வேஷம் போடும். “யூரிக் ஆசிட் பார்த்தாச்சு, ஒண்ணுமில்ல” என்று மட்டும் திரும்பி வருவதில் பயனில்லை. அது வேறு நோய்க்கான கேள்வி.

மருந்துக் கதை நமக்கு அந்நியமில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் மலேரியாவுக்குக் கொடுத்த கொய்னாவின் கசப்பு நம் முன்னோர் நாக்கில் இருந்தது. மலேரியா மருந்துகளின் வரிசையில் வந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின்தான் இன்று முடக்குவாதத்துக்கும் தரப்படுகிறது. முதன்மை மருந்து மெத்தோட்ரெக்சேட். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவின் ஆய்வுக்கூடத்தில், ஃபோலிக் அமிலத்தை எதிர்க்கும் பொருள்களைத் தேடியபோது பிறந்த குடும்பம் அது. முதலில் இரத்தப் புற்றுநோய்க்குப் பயன்பட்டது. மூட்டுக்குச் சிறிய அளவே போதும். வாரத்துக்கு ஒரே நாள். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்பதால் கிழமையைக் காலண்டரில் வட்டமிட்டு வைக்கச் சொல்வார்கள். அதுவும் பலிக்காதவர்களுக்கு டிஎன்எஃப்பைத் தடுக்கும் ஊசிகள் உண்டு. லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும் 1990களின் தொடக்கத்தில் லண்டனில் அவற்றைச் சோதித்தார்கள். விலை அதிகம், போடுமுன் காசநோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும்.

அத்தை விழுங்கியது வேறொன்று. யாரோ கொண்டுவந்த ‘மூலிகை’ மாத்திரை. மூன்றே நாளில் வலி பறந்தது. முகம் நிலாபோல் உப்பியது. இப்படிப்பட்ட மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதாக மலேசிய அதிகாரிகள் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறார்கள். வலியை மூடி மறைக்கும் அந்த நாள்களில் எலும்பு அரிப்பது நிற்பதில்லை.

விட்டுவிட்டால் கடைசியில் கத்தி. மணிக்கட்டின் சுண்டு விரல் பக்க எலும்பு முனை அரிபட்டுச் சொரசொரப்பாகி, மேலே ஓடும் தசைநாண்களைக் கிணற்று விளிம்பில் உரசும் கயிறுபோல் தேய்க்கும். ஒருநாள் காலையில் சுண்டு விரல் நிமிராது, வலியும் இருக்காது. அடுத்து மோதிர விரல். வான்-ஜாக்சன் என்ற மருத்துவர் 1948இல் இதை எழுதிவைத்தார். அறுந்த நாணை நேராகத் தைக்க முடியாது, நுனிகள் நைந்திருக்கும். ஆள்காட்டி விரலை நிமிர்த்த இரண்டு நாண்கள் இருப்பதால், ஒன்றை எடுத்து அறுந்ததன் முனையோடு பிணைப்பார்கள். எலும்பு முனையைச் சீவி வழவழப்பாக்குவார்கள். ஒரு தசையின் நாணை இன்னொரு வேலைக்கு மாற்றும் இந்தக் கலையைத்தான் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட், 1940களின் இறுதியில் தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளில் செய்து காட்டினார். அழிந்த விரல் முட்டிக்குச் சிலிகான் மூட்டு, முழங்காலுக்கும் இடுப்புக்கும் செயற்கை மூட்டு என்று வேறு வழிகளும் உண்டு. நெடுநாள் நோயாளிக்குக் கழுத்தின் முதலிரு எலும்புகள் நழுவியிருக்கலாம். மயக்க மருந்து கொடுக்குமுன் கழுத்தை எக்ஸ்ரே எடுப்பது அதற்காக.

நல்ல மருந்துகள் வந்தபின் இந்த அறுவைகள் குறைந்துவிட்டன. நம்மவர்கள் இன்னும் அந்த மேசைக்குப் போகிறார்கள் என்றால் பெரும்பாலும் தாமதத்தால்தான். உங்கள் வீட்டில் அம்மாவோ அக்காவோ காலையில் ஒரு மணி நேரம் விரல் மடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தால், அது ஆறு வாரத்தைத் தாண்டியிருந்தால், தைலம் தேய்ப்பதோடு விடாதீர்கள். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி, நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், பெயரில்லாத அந்தப் பொட்டலத்தையும் சேர்த்து, எடுத்துப் போங்கள்.