இரத்தம் குடிக்கும் வௌவாலின் கைமாற்று

மஃரிப் தொழுகை முடிந்து ஒலுவில் மக்கள் வீடு திரும்பும் வேளையில், வௌவால்கள் இரை தேடிப் புறப்படுகின்றன. உறங்குவோரின் இரத்தத்தை அவை குடித்துவிடும் என்னும் அச்சம் சிலருக்கு உண்டு. கண்டவுடன் கல்லெறிவாரும் உளர். இலங்கையில் வாழும் ஏறத்தாழ 30 வகை வௌவால்களுள் ஒன்றேனும் இரத்தத்தை நம்பி வாழ்வதன்று. பாழ்கட்டடங்களில் தங்கும் ஒரு வகைக்கு ஆங்கில நூலோர் ‘போலி இரத்த வௌவால்’ எனப் பெயரிட்டனர். தவளை, பல்லி, சுண்டெலி, பெரும் பூச்சி ஆகியவற்றை உண்டு வாழும் அப்பிராணி, பெயரினால் வந்த பழியை வீணே சுமக்கின்றது.

மெய்யாகவே இரத்தம் குடிக்கும் வௌவால்கள் உலகில் மூன்றே இனங்கள். மூன்றும் மெக்சிக்கோ முதல் தென்னமெரிக்கா வரையுள்ள நிலப்பரப்பிலேயே வாழ்கின்றன. அவற்றுள் நன்கு ஆராயப்பட்ட இனம் பெரும்பாலும் கால்நடைகளின் தோலிற் சிறு காயம் செய்து, கசியும் குருதியை நாவினால் நக்கிக் குடிக்கின்றது. நீர்வெறுப்பு நோயைப் பரப்புவதால் அங்குள்ள மந்தைக்காரர் அதனை வெறுப்பதில் நியாயமும் உண்டு. எனினும் அதன் இல்வாழ்க்கை வேறு விதமானது.

இரண்டு மூன்று இரவுகள் உணவு கிட்டாவிடின் அது மடிந்துபோகும். வேட்டையோ எல்லா இரவும் வாய்ப்பதில்லை. வெறும் வயிற்றோடு திரும்பிய வௌவாலுக்கு, உண்டு வந்த தோழி தன் இரைப்பையிலிருந்து குருதியை மேலெழுப்பி வாயோடு வாய் ஊட்டுகின்றது. கோஸ்டரிக்காவின் மரப்பொந்துகளிற் கூடிவாழும் பெண் வௌவால்களிடையே இதனைக் கண்ட ஜெரால்ட் வில்கின்சன், 1984ஆம் ஆண்டில் உலகறியச் செய்தார்.

தாய் மகளுக்கு ஊட்டுவது வியப்பன்று. உறவில்லாதவைக்கும் ஊட்டுவதே வியப்பு. எது எதற்கு ஊட்டும் என்பதை இரத்த உறவைவிட முன்பு பெற்ற உதவியே மிகுதியாகக் காட்டுகின்றது என, ஜெரால்ட் கார்ட்டரும் வில்கின்சனும் 2013இல் வெளியிட்ட ஆய்வு கூறிற்று. அயல்வீட்டில் ஒரு கொத்து அரிசியைக் கைமாற்றாக வாங்கியவர்க்கு இது புதிதன்று, வட்டியுமில்லை, ஓலையுமில்லை. முன்பின் அறியாத வௌவால்களோ எடுத்த எடுப்பில் உணவளிப்பதில்லை. முதலில் ஒன்றன் உடலை மற்றொன்று நக்கித் துப்புரவு செய்யும். அந்தப் பழக்கம் முற்றிய பின்னரே சில இணைகள் குருதியைப் பகிரத் தொடங்கும் என்பது 2020இல் வெளியான செய்தி.

2019இல் பனாமாவில், ஆய்வுக்காக அடைத்து வளர்க்கப்பட்ட கூட்டமொன்றில் ஒரு தாய் வௌவால் இறந்தது. அதனோடு உணவு பகிர்ந்து வந்த, உறவில்லாத மற்றொரு பெண் வௌவால் அதன் குட்டியைத் தன்னோடு அணைத்துப் பாலூட்டிற்று.