குடலில் ஒரு நண்டு வளை

நடவு வயலில் இரவு நிறையத் தண்ணீர் கட்டியிருப்போம். விடிந்து பார்த்தால் சேறுதான் மிஞ்சும். வரப்பைச் சுற்றி வந்தால் எங்கோ ஒரு நண்டு வளை. வயதான சிலரின் உடம்பிலிருந்து ரத்தமும் இப்படித்தான் சத்தமில்லாமல் வடிகிறது. நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். கண் இமையின் உள்பக்கம் வெளுத்திருக்கும். 'வயசாச்சுல்ல' என்பார்கள் வீட்டில். ஹீமோகுளோபின் அடியோடு இறங்கியதும் ரத்தம் ஏற்றுவார்கள். சில மாதங்களில் மறுபடியும் அதே கதை.

டெல்டாவில் சோகை என்றால், வெறுங்காலோடு சேற்றில் உழைத்தவர்களுக்கு முதலில் கொக்கிப்புழுவைத்தான் நினைப்பார்கள். நியாயம்தான். பூச்சி மாத்திரைக்கும் மசியாத சோகையில் புண், புற்றுநோய் ஆகியவற்றோடு தேட வேண்டிய இன்னொன்று ஆஞ்சியோடிஸ்பிளேசியா: குடல் சுவரின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் புடைத்துக் கசிவது. பெருங்குடலின் தொடக்கப் பகுதியில்தான் இது அதிகம். குடல் தசை ஆண்டுக்கணக்கில் சுருங்கி விரிவதில், சுவரைத் துளைத்துச் செல்லும் நுண்சிரைகள் நெரிபட்டுப் புடைக்கின்றன என்பது பரவலான விளக்கம். சில மில்லிமீட்டர் அகலச் செம்புள்ளி, வலியே இருக்காது. இதயத்தின் மகாதமனி வால்வு சுருங்கியவர்களுக்கு இப்படி ரத்தம் கசிவதை 1958-இல் ஹெய்ட் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதினார். சுருங்கிய வால்வைக் கடக்கும்போது ரத்தம் உறைய உதவும் ஒரு புரதம் சிதைவதே காரணம் என்பது பிறகு தெரிந்தது. வால்வை மாற்றினால் குடல் கசிவும் பலருக்கு நின்றுவிடுகிறது!

இந்தக் கசிவை நிறுத்த ஒரு காலத்தில் குடலையே வெட்டி எடுத்தார்கள். இன்று பெரும்பாலும் ஆர்கான் வாயு போதும். பெருங்குடலுக்குள் விடும் கேமராக் குழாயான கொலோனோஸ்கோப் வழியே மெல்லிய குழலை விட்டு, வாயுவைச் செலுத்தி, உயர் அதிர்வெண் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். நுனியில் நீலச் சுடர் தெறிக்கும். குழல் குடலைத் தொடுவதில்லை. செம்புள்ளி நொடிகளில் வெளுத்துச் சுருங்கிவிடும். வெந்த இடத்தில் மின்சாரம் எளிதில் பாயாது என்பதால் சுடர் பக்கத்து ஈரத்துக்குத் தானே தாவும், ஆழமாகச் சுடாது. பெருங்குடலின் தொடக்கப் பகுதியில் சுவர் மெல்லியது, ஓட்டை விழலாம் என்பதால் வாட் அளவையும் குறைத்தே வைப்பார்கள்.

இந்தச் சிகிச்சைக்கு முந்தின நாள் லிட்டர் கணக்கில் பேதி மருந்து குடிக்கச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். கழிவு மிச்சமிருந்தால் அதில் உண்டாகும் ஹைட்ரஜனும் மீத்தேனும் தீப்பொறி பட்டு வெடித்த சம்பவங்கள் உண்டு. புள்ளி சிறுகுடலில் இருந்தால், விழுங்கும் கேமரா மாத்திரைதான் காட்டிக்கொடுக்கும்.

ஒருமுறை சுட்டதோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். புதுப் புள்ளிகள் கிளம்பலாம். ரத்தம் கசிந்தால் மலம் கறுக்கலாம், இரும்பு மாத்திரையாலும் கறுக்கும். ஆனால் தார் போல் ஒட்டி, துர்நாற்றம் வீசினால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள். அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.